கண் பார்ப்பது கொஞ்சம்தான்: விழியின் அமைப்பும் வேலையும்

ஒரு கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலை உயர்த்திப் பிடியுங்கள். நகத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். நகத்தின் அடியில் உள்ள வெண்பிறை, ஓரத்தில் உரிந்திருக்கும் தோல் எல்லாம் துல்லியமாகத் தெரியும். இப்போது பார்வையை நகத்திலிருந்து துளியும் அசைக்காமல், ஒரு சாண் தள்ளி என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே ஒரு புத்தகம் திறந்திருந்தால், அதில் எழுத்துகள் இருப்பது தெரியும். ஆனால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. எந்த ஒரு நொடியிலும் நாம் மிகக் கூர்மையாகப் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலத்தை மட்டும்தான். கோணக் கணக்கில் அது ஏறத்தாழ 2 டிகிரி. அதைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம் படிப்படியாக மங்கிக்கொண்டே போகிறது.

ஆனால் நமக்கு ஒருபோதும் அப்படித் தோன்றுவதில்லை. கண்ணைத் திறந்தால் அறை முழுவதும் தெளிவாகத் தெரிவதாகவே உணர்கிறோம். இந்த முரண்பாடு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் கண்ணைப் பற்றிய பாதி விஷயம் விளங்கிவிடும். பள்ளியில் கண்ணைக் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லித் தருவார்கள். ஒளி நுழைய ஒரு துளை, குவிக்க ஒரு லென்ஸ், பிம்பம் விழ ஒரு திரை என்ற அளவில் அது சரியானதே. ஆனால் கேமரா படத்தை எடுத்ததும் அதன் வேலை முடிந்துவிடும். கண்ணில் பிம்பம் விழுந்த பிறகுதான் முக்கியமான வேலையே தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒளி போகும் வழியிலேயே நாமும் போகலாம்.

முதலில் ஓர் அடிப்படை. பார்வை என்பது பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால் நிகழ்வது. இன்று இது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் யூக்ளிட், தாலமி போன்ற பண்டைக் கிரேக்க மேதைகளே கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகத்தான் நினைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் அந்தக் கருத்தை விரிவான வாதங்களோடு மறுத்தார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருவதால்தானே வலிக்கிறது என்று அவர் கேட்டது எளிய கேள்விதான். அதற்கு எதிர்த்தரப்பில் சரியான பதில் இல்லை.

கண்ணின் முன்பக்கம்

வளர்ந்தவரின் விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. முகத்தில் நமக்குத் தெரிவது அதன் சிறு பகுதிதான். மீதி முழுவதும் மண்டையோட்டின் எலும்புக் குழிக்குள், கொழுப்பு மெத்தையில் பாதுகாப்பாக இருக்கிறது. ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் பிடித்துத் திருப்புகின்றன. வெள்ளையாகத் தெரியும் கெட்டியான வெளிச்சுவர் ஸ்கிளீரா. விழிக்கு உருவம் தருவது அதுதான்.

அந்த வெள்ளைச் சுவர் முன்பக்கம் வரும்போது திடீரென்று ஒளி ஊடுருவும் தெளிவான படலமாக மாறுகிறது. அதுதான் கார்னியா. 'கருவிழி மாற்று அறுவை சிகிச்சை' என்று சொல்லும்போது மருத்துவர்கள் குறிப்பது இதைத்தான். அகலம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவு. என்னைக் கேட்டால், கண்ணில் அநியாயத்துக்குக் குறைத்து மதிக்கப்படும் பகுதி இதுதான். ஒளியைக் குவிப்பது லென்ஸ் என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் சுமார் 60 டயாப்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் அதே அலகு) என்றால், அதில் 43 டயாப்டர் அளவுக்குக் கார்னியாவே பார்த்துக்கொள்கிறது. ஒளி அதிகமாக வளைவது அதன் முன்பரப்பில்தான். காற்றிலிருந்து வேறு ஊடகத்துக்கு மாறும் இடம் அது.

தண்ணீருக்குள் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவதற்குக் காரணமும் இதுவே. நீரும் கார்னியாவும் ஒளியை வளைக்கும் தன்மையில் கிட்டத்தட்டச் சமம் என்பதால், ஒளி அந்த எல்லையில் வளைய வேண்டிய அளவுக்கு வளைவதில்லை. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டால் கண்ணுக்கு முன் மறுபடியும் கொஞ்சம் காற்று வந்துவிடுகிறது. பார்வையும் தெளிந்துவிடுகிறது.

கார்னியாவில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் அது ஒளியை மறைக்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதி கண்ணீர்ப் படலம் வழியாக நேரே காற்றிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் நரம்பு முனைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. ஒரு தூசி விழுந்தாலே துடித்துப்போவது அதனால்தான். இரத்தக் குழாய் இல்லாததில் இன்னொரு நன்மையும் உண்டு. வேறொருவரின் கார்னியாவைப் பொருத்தும்போது, மற்ற உறுப்புகளைவிட உடல் அதை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. 1905இலேயே எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் இதை வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். கண் தானம் செய்தால் முழு விழியையும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைக்காகப் பொருத்தப்படுவது இந்த மெல்லிய கார்னியாதான். பின்னால் பிம்பம் விழும் விழித்திரையும் பார்வை நரம்பும் பழுதான ஒருவருக்கு அதனால் பயன் இருக்காது. கார்னியா மட்டும் வெண்மையாகிப் பார்வை இழந்தவருக்கு அது உலகத்தையே திருப்பித் தருகிறது.

இந்தக் கார்னியாவின் மேல் எப்போதும் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. வெறும் நீராக இருந்தால் நொடியில் உலர்ந்துவிடும். அதனால் மேலே எண்ணெய்ப் பசை, நடுவில் நீர், அடியில் கார்னியாவோடு ஒட்டிக்கொள்ளும் சளித்தன்மை என்று அமைந்திருக்கிறது. இமைக்கும்போதெல்லாம் அந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. நீண்ட நேரம் கணினி பார்த்தவருக்குக் கண் எரிவதற்கு முக்கியக் காரணம் இந்த உலர்வுதான்.

கார்னியாவுக்குப் பின்னால் ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. அக்குவஸ் திரவம் என்று பெயர். இரத்தக் குழாய் இல்லாத கார்னியாவின் பின்புறத்துக்கும் லென்ஸுக்கும் உணவு கொண்டுபோவது இதன் வேலை. இது தேங்கிக் கிடக்கும் நீரன்று. கண்ணின் நிற வளையமான ஐரிஸுக்குப் பின்னால் சுரந்து, அதன் நடுத்துளையான பாவை வழியாக முன்னால் வந்து, ஓரத்தில் உள்ள வடிகால் வழியே இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் பார்வை நரம்பு சிறிதுசிறிதாக நசியலாம். கிளாக்கோமா எனப்படும் நோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பொதுவாக வலிக்காது. பக்கவாட்டுப் பார்வையிலிருந்து ஓசைப்படாமல் தின்றுகொண்டு வரும். போன பார்வை திரும்பாது. நாற்பது வயதைக் கடந்தவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பாவையும் லென்ஸும்

கண்ணுக்கு நிறம் தருவது ஐரிஸ். நடுவில் கறுப்பாகத் தெரியும் வட்டம் பாவை. பாவை ஒரு பொருளன்று, வெறும் துளை. உள்ளே போன ஒளியில் மிகக் குறைவே திரும்பி வருவதால் கறுப்பாகத் தெரிகிறது. ஐரிஸின் நிறம் மெலனின் என்ற நிறமியின் அளவைப் பொறுத்தது. நிறைய இருந்தால் பழுப்பு. நீலக் கண்ணில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. மெலனின் குறைவாக இருக்கும்போது ஒளி சிதறுவதால் வரும் நீலம் அது.

மங்கலான அறையில் கண்ணாடி முன் நின்று விளக்கைப் போடுங்கள். பாவை சுருங்குவதை நேரில் காணலாம். ஒரு கண்ணில் மட்டும் ஒளி பட்டாலும் இரண்டு பாவைகளும் சேர்ந்தே சுருங்கும். அவசரப் பிரிவில் மருத்துவர் சிறு டார்ச்சை இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும் அடித்துப் பார்ப்பது இதைத்தான். கண்ணிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து கண்ணுக்கும் போகும் நரம்பு வழிகள் சரியாக இருக்கின்றனவா என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

பாவையின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறும். பரப்பில் அது 16 மடங்கு. ஆனால் உச்சிவெயிலுக்கும் நட்சத்திர வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு கோடிக்கணக்கான மடங்கு. அதைச் சமாளிப்பது பாவையால் மட்டும் ஆகிற காரியமன்று. அந்தப் பெரிய வேலை விழித்திரையில் நடக்கிறது. அங்கே பிறகு வருவோம்.

ஐரிஸுக்குப் பின்னால் லென்ஸ். இதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். லென்ஸைச் சுற்றி வளையமாகச் சிலியரி தசை இருக்கிறது. இரண்டையும் நுண்ணிய இழைகள் இணைக்கின்றன. தசை தளர்ந்திருக்கும்போது வளையம் பெரிதாக இருக்கும், இழைகள் விறைத்து லென்ஸை இழுத்துப் பிடிக்கும், லென்ஸ் தட்டையாகும். தூரத்தில் உள்ளவை தெளிவாகத் தெரிவது அப்போதுதான். தசை இறுகும்போது வளையம் சுருங்கி இழைகள் தொய்ந்துவிடும். பிடி விட்ட லென்ஸ் தன் இயல்பான உருண்டைத்தன்மைக்குத் திரும்பும். அருகில் உள்ளது தெளியும். ஆகவே தொடுவானத்தைப் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. புத்தகத்தைப் பார்ப்பது உழைப்பு.

இப்படிக் குவியத்தை மாற்றுவது லென்ஸா, கார்னியாவா, விழிக்கோளத்தின் நீளமா என்று ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை இருந்தது. 1801இல் தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர் தம் கண்ணையே வைத்துத் தீர்த்தார். நீர் நிரப்பிய சிறு குழாயைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் கார்னியாவின் வளைவைச் செயலற்றதாக்கினார். அப்போதும் அருகிலும் தூரத்திலும் மாற்றி மாற்றிக் குவிக்க அவரால் முடிந்தது. ஆகவே அந்த வேலையைச் செய்வது கார்னியா அன்று. விழிக்கோளத்தின் நீளமும் மாறவில்லை என்று வேறு சோதனைகளால் காட்டினார். மிஞ்சியது லென்ஸ் மட்டுமே. கண்ணாடி போட்டால் தண்ணீருக்குள் தெளிவது ஏன் என்று மேலே பார்த்தோமே, அதே இயற்பியலைக் கொண்டு ஒரு சர்ச்சையை முடித்துவைத்த அழகு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

லென்ஸுக்கும் இரத்தக் குழாய் இல்லை. அதன் மையத்தில் உள்ள புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. ஆயுள் முழுவதும் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துப்போகிறது. பிடி விட்டாலும் உருண்டையாக மறுக்கிறது. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருவதன் காரணம் இதுதான். இளமையில் எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டால் கண் கெட்டுப்போகும் என்று சிலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். கண்ணாடி லென்ஸின் விறைப்பை அதிகப்படுத்துவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. படிப்பதை எளிதாக்குகிறது, அவ்வளவே.

கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் வேறு கதை. அங்கே பெரும்பாலும் பிரச்சினை விழிக்கோளத்தின் நீளத்தில் இருக்கிறது. கோளம் நீண்டுவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். அருகில் தெரியும், தூரம் மங்கும். இதுவே கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கண்ணாடி தேவைப்படும் என்றால், எவ்வளவு நுணுக்கமான அளவில் கண் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குழி லென்ஸ் இதைச் சரிசெய்யும். கோளம் குட்டையாக இருந்தால் தூரப்பார்வை, அதற்குக் குவி லென்ஸ். கார்னியாவின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வருவது அஸ்டிக்மாட்டிசம். குழந்தைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே அதிக நேரம் இருந்தால் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பெற்றோர் இதை விளையாட்டு நேரம் என்று ஒதுக்கிவிடாமல் மருந்தாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி அணிபவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கெட்டி அட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு, அதன் வழியாகத் தூரத்து எழுத்தைப் பாருங்கள். கலங்கியிருந்தது ஓரளவு தெளியும். குறுகிய கற்றை மட்டுமே உள்ளே வருவதால் குவியம் தவறினாலும் பரவல் குறைவு. கண் மருத்துவமனையில் துளையிட்ட கறுப்பு மூடி வைத்துப் படிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். துளை வழியே தெளிந்தால் குறையைக் கண்ணாடியால் தீர்க்கலாம். தெளியவில்லை என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

லென்ஸே கலங்கிப்போனால் அது கண்புரை. கண்ணின் மேல் வளரும் சதை என்று சிலர் அதை எண்ணுகிறார்கள். அப்படி இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸின் தெளிவு போவதுதான் புரை. சொட்டு மருந்தால் கரையாது, அறுவை சிகிச்சை ஒன்றே வழி. கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைக்கும் யோசனை வந்த விதம் அருமையானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர்விமானிகள் சிலரின் கண்ணுக்குள், விமான அறையின் மேல்மூடி நொறுங்கியதில் அக்ரிலிக் சில்லுகள் புகுந்துவிட்டன. ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் மருத்துவர், அந்தச் சில்லுகளைச் சுற்றிக் கண்ணில் பெரிய அழற்சி எதுவும் இல்லாததைக் கவனித்தார். உடல் ஏற்றுக்கொள்கிற பொருள் என்றால் அதிலேயே லென்ஸ் செய்யலாமே என்று எண்ணி, 1949 நவம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். சக மருத்துவர்களில் பலர் நெடுங்காலம் எதிர்த்தார்கள். இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று அது.

லென்ஸுக்குப் பின்னால் கண்ணின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது விட்ரியஸ். பெரும்பாலும் நீரே, ஆனால் ஜெல்லியாக உறைந்தது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது சிலருக்கு இழைகளும் புள்ளிகளும் மிதப்பது தெரியும். விட்ரியஸில் உள்ள துணுக்குகளின் நிழல் விழித்திரையில் விழுவதுதான் அது. பழகிய சில மிதவைகளுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று ஏராளமாகப் புதிய புள்ளிகள் தோன்றினாலோ, இருட்டிலும் மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரைச்சீலை இறங்குவதுபோல் பார்வை மறைந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரை கிழிந்து சுவரிலிருந்து கழன்றுகொண்டிருக்கலாம். அப்போது காலம் கடத்தினால் பார்வையைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.

விழித்திரை

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் இந்தத் திசு அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அதற்குப் பின்னால் கோராய்டு என்ற இரத்தக் குழாய்ப் படலம் அதற்கு உணவளிக்கிறது. பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்று 1604இல் கெப்ளர் எழுதினார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். உடனே எழும் கேள்வி, அப்படியானால் நாம் ஏன் தலைகீழாகப் பார்க்கவில்லை என்பது. விழித்திரையில் விழுந்த படத்தை மூளைக்குள் யாரோ உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில்லை. மூளைக்கு வருவது நரம்புச் செய்திகள் மட்டுமே. எந்தச் செய்தி வந்தால் கையை மேலே நீட்ட வேண்டும், எதற்குக் கீழே குனிய வேண்டும் என்று அது அனுபவத்தில் பொருத்திக்கொள்கிறது. 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகைத் தலைகீழாக்கிக் காட்டும் லென்ஸ்களை நாள்கணக்கில் அணிந்துகொண்டிருந்தார். முதலில் எதையும் எடுக்கவே தடுமாறியவர், சில நாள்களில் இயல்பாக நடமாடத் தொடங்கினார்.

ஒளியை உணரும் செல்கள் இரு வகை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். குச்சிகளுக்கு மங்கிய ஒளியே போதும், ஆனால் நிறம் தெரியாது. கூம்புகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நிறமும் நுணுக்கமும் அவற்றின் பொறுப்பு. விழித்திரையின் நடுவில் மாக்குலா என்ற பகுதியும் அதன் மையத்தில் ஃபோவியா என்ற சிறு பள்ளமும் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தின் நடுவே கூம்புகள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கட்டைவிரல் நகத்தின் நுணுக்கம் விழுந்தது அங்கேதான். இந்த வரியை நீங்கள் படிப்பதும் அதைக் கொண்டுதான்.

ஃபோவியாவின் மையத்தில் குச்சிகளே இல்லை என்பதால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. இருண்ட வானில் மிக மங்கலான நட்சத்திரம் ஒன்றை நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்தால் மறுபடி தெரியும். வானியல் ஆர்வலர்கள் இதைப் பழகியே வைத்திருப்பார்கள்.

குச்சி செல்களுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அதன் ஒரு கூறு வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. ஒளி பட்டதும் அந்த மூலக்கூறு வடிவம் மாறும். அந்தச் சிறு மாற்றமே நரம்புச் செய்தியாக முடிகிறது. பிறகு அது பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் வந்ததும் ஒன்றும் தெரியாமல், மெல்ல மெல்லத் தெளிந்து, முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆவது இதனால்தான். பாவையால் சமாளிக்க முடியாத அந்தக் கோடி மடங்கு வேறுபாட்டில் பெரும்பகுதியை விழித்திரையின் இந்த வேதியியலும் அதன் நரம்புச் சுற்றுகளும்தான் தாங்குகின்றன. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் கெடுவதும் இருட்டுப் பார்வையே. அதுதான் மாலைக்கண். இந்த வேதியியலை விளக்கியவர்களில் முதன்மையானவரான ஜார்ஜ் வால்ட் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கூம்புகளில் மூன்று வகை உண்டு. நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீளங்களுக்கு ஒவ்வொன்றும் அதிகமாக எதிர்வினை காட்டும். மூன்றின் விகிதத்தை ஒப்பிட்டே மூளை நிறத்தைக் கணிக்கிறது. ஒரு வகை இல்லாவிட்டாலோ மாறியிருந்தாலோ சில நிறங்கள் குழம்பும். சிவப்பு, பச்சைக் குழப்பத்துக்கான ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் இது மிகுதி. அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன் தமக்கு இந்தக் குறை இருப்பதை 1794இல் தாமே விவரித்தார். தம் விட்ரியஸ் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பி, இறந்தபின் கண்ணை எடுத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தார். 1844இல் அவர் இறந்ததும் சோதித்தார்கள். விட்ரியஸ் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணின் டிஎன்ஏவை 1995இல் ஆராய்ந்தபோது, நடுத்தர அலைநீளக் கூம்புக்குரிய ஜீன் இல்லை என்று தெரிந்தது. பதில் 150 ஆண்டு கழித்து அவர் கண்ணிலிருந்தே கிடைத்தது.

12 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் உணர்வதை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள்தான் உண்டு. ஆகவே விழித்திரையே செய்தியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஓரங்களில் நூற்றுக்கணக்கான குச்சிகள் சேர்ந்து ஓர் இழையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஃபோவியாவில் ஒவ்வொரு கூம்புக்கும் ஏறத்தாழத் தனி வழி உண்டு. ஓரம் மங்கலாகவும் நடு கூர்மையாகவும் இருப்பதன் முக்கியமான காரணம் இதுதான்.

இல்லாத இடத்தை நிரப்பும் மூளை

அந்த இழைகள் எல்லாம் சேர்ந்து கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் செல்கள் இல்லை. அங்கே விழும் எதுவும் தெரியாது. இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கோடு போட்ட தாளில் ஒரே கோட்டின் மேல், இடப்பக்கம் சிறிய பெருக்கல் குறியும், அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பொத்தான் அளவுக்குக் கறுப்பு வட்டமும் வரையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கைநீளத்திலிருந்து மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் வட்டம் சட்டென்று காணாமல் போகும். இன்னும் அருகில் கொண்டுவந்தால் திரும்பி வரும். 1660களில் எட்மே மரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டறிந்தார்.

வட்டம் மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று மறுபடி கவனித்துப் பாருங்கள். கறுப்பு ஓட்டை தெரியவில்லை. தாளின் வெள்ளையும், அதில் தொடர்ந்து ஓடும் கோடும் தெரிந்தன! அந்த இடத்திலிருந்து ஒரு செய்தியும் வராமலே, சுற்றுப்புறத்தைக் கொண்டு மூளை அதை நிரப்பிவிட்டது. அது சிறிய இடமும் இல்லை. வானத்தில் பத்து முழுநிலவுகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு அகலம். விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த இடைவெளியோடுதான் உலகத்தைப் பார்க்கிறோம்.

இனிக் கட்டைவிரலில் எழுந்த முரண்பாட்டுக்கு விடை சொல்லலாம். நம் கண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி, ஃபோவியாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஒவ்வொரு தாவலிலும் ஒரு துண்டு கூர்மையாகக் கிடைக்கிறது. வேண்டிய இடத்துக்கு உடனே தாவிப் பார்த்துவிட முடிவதால், எல்லாமே ஏற்கெனவே தெளிவாக இருந்தது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தாவும் வேளையில் காட்சி இழுபட்டு மங்குவதை அது நமக்குக் காட்டுவதே இல்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளிலும் ஏறத்தாழப் பாதி, மூளையின் அடியில் மறுபக்கத்துக்குக் கடந்து போகின்றன. அதனால் இடப்பக்கக் காட்சி முழுவதும் வலப்பக்க மூளைக்கும், வலப்பக்கக் காட்சி இடப்பக்க மூளைக்கும் போய்ச்சேரும். கடைசியில் அவை சேரும் பார்வைப் புறணி தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கிறது. இரு கண்களும் சிறிது வேறுபட்ட கோணத்தில் காட்டுவதை அங்கே ஒப்பிட்டுத்தான் ஆழம் உணரப்படுகிறது.

இந்தப் புறணி பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் தன் இணைப்புகளை உறுதிப்படுத்திக்கொள்கிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்துப் பிறகு திறந்தால், கண் நன்றாக இருந்தும் மூளை அதைப் பயன்படுத்துவதில்லை என்று டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் காட்டினார்கள். 1981இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். குழந்தைகளிடம் இதற்கு இணையானது சோம்பேறிக் கண். ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பவர் இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளை தெளிந்த கண்ணின் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் புறக்கணிக்கப் பழகிவிடும். தகுந்த கண்ணாடி தந்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, பலவீனமான கண்ணை உழைக்கவைப்பதே சிகிச்சை. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும். பிறகு குறைந்துகொண்டே போகும்.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, குழந்தை தானாக வந்து சொல்லாது என்பது. ஒரு கண்ணால் எல்லாம் தெளிவாகத் தெரிவதால், தனக்குக் குறை இருப்பதே அதற்குத் தெரியாது. ஓடும், விளையாடும், புத்தகத்தில் படம் காட்டினால் பெயர் சொல்லும். ஆகவே பள்ளிக்குப் போகும் முன்பே ஒரு கண்ணை மூடி மற்றதை, பிறகு மாற்றி என்று, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்துவிட வேண்டும்.